மேலத்தெருவின் முறை

‘பிப்ரவரி 11. லூர்து மாதா திருநாள். மருத்துவக் கல்லூரிப் பரிந்துரைக்கான மனுவைப் பங்குச் சாமியிடம் கொடுத்தோம். வாங்கி மேசைமேல் வைத்தார். பார்ப்போம் என்றார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது மகள் சிரித்தாள். கொண்டல் காற்று.’

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் நான் எழுதி வைத்த குறிப்பு இது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து இப்படி எழுதி, வருடத்துக்கு ஒரு கட்டாக நூல் போட்டுக் கட்டி வைக்கிறேன். எந்தப் புயலில் யார் படகு உடைந்தது, எந்தத் திருவிழாவில் கொடிமரம் மாற்றினார்கள் என்று ஊரில் சந்தேகம் வந்தால் என்னிடம் ஆள் வரும். ஆகவே தேதிகளில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் இங்கே வருடத்தை விட்டுவிடுகிறேன். கிழமையையும் விடுகிறேன். தேதியும் கிழமையும் சேர்ந்து கிடைத்தால் வருடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வருடம் தெரிந்தால் ஆளும் தெரிந்துவிடும். நீட் தேர்வு கட்டாயமாவதற்கு முந்தைய வருடங்களில் ஒன்று என்பது போதும்.

எங்கள் ஊர் தங்கச்சிமடத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருக்கிறது. கோயிலுக்குக் கிழக்கே கீழத்தெரு, மேற்கே மேலத்தெரு. நாங்கள் கீழத்தெரு. வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அஞ்சல் வழியில் வரலாறு படித்தவள். கிளை நூலகத்தில் எனக்குப் புதிதாக எடுத்துப் படிக்க அதிகம் மிச்சமில்லை.

மகள் ராமநாதபுரத்தில் சிஸ்டர்கள் நடத்தும் விடுதியில் தங்கி பிளஸ் டூ படித்தாள். சின்ன வயதில் மீன் கழுவ உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். ஒவ்வொரு மீனுக்குள்ளும் இருக்கிற காற்றுப் பையை உடையாமல் எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பாள். நாற்றம் தாங்காமல் நான் பாட்டிலைத் தூக்கி எறிந்தால் இரண்டு நாள் பேச மாட்டாள். அவள் டாக்டர் ஆசைக்கு இதைவிடப் பெரிய காரணம் எதையும் அவள் சொன்னதில்லை. ஊருக்குச் சேவை செய்வேன், ஏழைகளுக்கு இலவசம் என்றெல்லாம் ஒரு நாளும் பேசியதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பிளஸ் டூ மதிப்பெண்ணில் அரசுக் கல்லூரி இடம் மயிரிழையில் தவறும் என்பது மே மாதமே தெரிந்துவிட்டது. தனியார் கல்லூரியைப் பற்றி நாங்கள் பேச்சுக்குக்கூடப் பேசவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. பக்கத்து மாநிலத்தில் திருச்சபை நடத்தும் ஒரு மருத்துவக் கல்லூரி. கட்டணம் குறைவு. படித்து முடித்தபின் சில வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும். அவர்களே நுழைவுத் தேர்வு வைப்பார்கள். அதில் தேறியவர்களில் மறைமாவட்டத்தின் பரிந்துரைக் கடிதம் உள்ளவர்களை மட்டும் நேர்காணலுக்கு அழைப்பார்கள். மறைமாவட்டம் ஒரு பங்கிலிருந்து, அதாவது ஒரு கோயிலின் வட்டாரத்திலிருந்து, ஒரு பிள்ளையைத்தான் பரிந்துரைக்கும். அந்தப் பெயரைப் பங்குச் சாமி எழுதி அனுப்ப வேண்டும்.

இதில் நாங்கள் கவலைப்பட்டது நுழைவுத் தேர்வைப் பற்றி மட்டும்தான். கடிதத்தைப் பற்றி ஒரு நாள்கூடக் கவலைப்படவில்லை. எங்கள் ஊரில் அந்த வருடம் அறிவியல் பிரிவில் அவ்வளவு மதிப்பெண் எடுத்த வேறு பிள்ளை இல்லை.

மே மாதக் கடைசியில் மதுரையில் தேர்வு. தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. அதனால் வீட்டுக்காரரும் கூட வந்தார். மற்ற பிள்ளைகளின் தகப்பன்மார் பள்ளிக்கூட வாசலில் காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் ஒருவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்துவிட்டு வந்தார்.

“அந்தாளு மகன் இந்த மாசத்துல மட்டும் அஞ்சு காலேசுக்குப் பரீட்சை எழுதுறானாம். இது கெடைக்கலன்னா அது, அது கெடைக்கலன்னா இன்னொண்ணுங்குறாரு. நம்ம கத வேறயில்ல. ஒரே தூண்டில்ல ஒக்காந்திருக்கோம்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஜூன் 12. தேர்வு முடிவு வெளிவந்தது. தங்கச்சிமடத்தில் பிரௌசிங் சென்டர்க்காரர் எண்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டே போனார். மகளின் எண் இருந்தது. அவர் அதைப் பெரிதாக்கிக் காட்டி, “இந்தாங்க, நல்லாப் பாத்துக்கங்க” என்றார். பட்டியலுக்குக் கீழே ஒரு வரி: பரிந்துரைக் கடிதம் வந்து சேர்ந்தவர்களுக்கு நேர்காணல் அழைப்பு தபாலில் அனுப்பப்படும்.

அன்றைய தாளில் நான் எழுதியிருப்பது ஒரே சொல்: ‘இருக்கிறது.’

அதன்பின் காத்திருப்பு. தபால்காரர் பத்தரை மணிவாக்கில் வருவார். நான் வேலைக்குப் போய்விடுவதால் மகள்தான் வாசலில் நிற்பாள். முதல் சில நாள் அவர் சைக்கிளை நிறுத்தி, பையைத் துழாவிப் பார்த்து, “இன்னைக்கி இல்லத்தா” என்று சொன்னார். அப்புறம் சைக்கிளை நிறுத்தாமலே தலையாட்டிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்.

தண்ணீர்க் குழாயடியில் வேறு விதமான விசாரிப்பு.

“என்ன டாக்டரம்மா, முழங்கால் விண்ணுன்னு வலிக்கி. போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஊசியப் போட்டுட்டுப் போயேன்” என்பாள் எதிர்வீட்டுக்காரி. மகளுக்குச் சித்தி முறை.

“மாட்டு ஊசிதான் இருக்கு சித்தி. பரவால்லையா?”

“எதுனாலும் போடுத்தா. ஒங்கம்மாதான் எத்தனாம் தேதி போட்டன்னு எழுதி வச்சுக்கிருவாளே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் அப்போது கெட்ட எண்ணம் இல்லை. அது பிறகு வந்தது.

விடுதியில் மகளோடு படித்த பிள்ளை ஒருத்தி மாரியூர்க்காரி. அவளும் அதே தேர்வை எழுதித் தேறியிருந்தாள். ஒரு சாயங்காலம் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“ஏடி, ஒனக்கு எந்தத் தேதி போட்ருக்கு? எனக்கு இருபத்தேழு.”

“எனக்கு இன்னும் வரலடி.”

“வரலையா? எனக்கு வந்து மூணு நாளாச்சே.”

மகள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டாள். அவள் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஐஸ் கம்பெனியிலிருந்து கல்லூரிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசினார். எண்ணைச் சொன்னதும் தேடிப் பார்த்துவிட்டு, உங்கள் மகள் தேறியிருக்கிறாள், ஆனால் அவள் பெயருக்குப் பரிந்துரை எதுவும் வரவில்லை, உங்கள் மறைமாவட்டத்தைக் கேளுங்கள் என்றார். நான் பங்கின் பெயரைச் சொல்லி மறுபடி பார்க்கச் சொன்னேன். அந்தப் பங்கிலிருந்து வேறொரு பெயர் வந்திருக்கிறது, ஆனால் அந்தப் பிள்ளை தேர்வு எழுதியதாகத் தெரியவில்லை என்றார். எனக்குச் சொல்லக் கூடாத விஷயத்தைச் சொல்லிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, உடனே வைத்துவிட்டார்.

பாதிக் கணக்கில் பேனாவை மூடிவிட்டு நேராகப் பங்கு பங்களாவுக்குப் போனேன். சாமி ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. உள்நாட்டுக்காரர். கடற்கரைப் பங்கு அவருக்குப் புதிது.

“நான் ஊர்க் கமிட்டியில விட்டுட்டேம்மா. நானா ஒரு பேரை எழுதுனா இந்தத் தெரு, அந்தத் தெருன்னு சண்டை வருமாம். போன சாமியே எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. கமிட்டி ஒரு பேரைக் குடுத்தாங்க. அனுப்பிச்சிட்டேன்.”

“எங்க மனு?”

மேசை இழுப்பறையைத் திறந்தார். அதில்தான் இருந்தது. லூர்து மாதா திருநாளன்று நாங்கள் கொடுத்தபடியே.

கமிட்டி கொடுத்த பெயர் மேலத்தெருப் பிள்ளை ஒருத்தியின் பெயர். கலைப் பிரிவில் படித்தவள். மனு கொடுத்தது அவளுடைய தகப்பன், ஜனவரியில். மே மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அந்தக் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தேன்.

ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போனபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை என்றாலும் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். கையைக் கழுவாமலே பேசினார்.

“இந்த வருசம் மேலத்தெரு முறை தங்கச்சி. போன வருசம் நர்சு படிப்புக்குக் கடிதம் கீழத்தெருவுக்குப் போச்சுல்ல? அப்ப இந்த வருசம் அவுகளுக்குத்தான.”

“அது நர்சுப் படிப்பு. இது டாக்டர் படிப்புண்ணே.”

“கடிதம் ஒண்ணுதான? சாமி கையெழுத்துத்தான?”

“அந்தப் புள்ள பரீட்சையே எழுதலையே.”

“எழுதல. அதுக்கென்ன செய்ய? காத்து கெளம்பி ஒருத்தன் வலை வளைக்க முடியலன்னு வச்சுக்க. அன்னைக்கு முறை அவனுக்குப் போச்சு. அதுக்காக அடுத்த முறைக்காரன் வந்து அந்த எடத்துல வளைக்க முடியுமா? அவன் நாளைக்குத்தான் அவன் வளைக்கணும்.”

“இது வலை இல்லண்ணே.”

“எல்லாம் முறைதான் தங்கச்சி. இன்னைக்கி ஒனக்காக ஒடச்சா, நாளைக்கிக் கரையில அருவா தூக்குவாய்ங்க.”

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கரையில், கரையில் நின்றே இழுக்கும் கரைவலையை வளைக்க நல்ல இடம் கொஞ்சம்தான். வலை வைத்திருப்பவர்கள் அதிகம். அதனால் இன்ன நாள் இன்னார் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த நாளில் மீன் மலைபோல் வந்தாலும் அவருடையது, ஒன்றும் வராவிட்டாலும் அவருடையது. வளைக்காமல் விட்டால் அந்த நாள் வீண். வேறு யாரும் தொடக் கூடாது. இந்த முறை வருமுன் கரையில் நடந்த அடிதடிகள் பற்றியும் என்னிடம் குறிப்பு உண்டு. ஆம்பளை இல்லாத வீட்டுக்கும் முறை நாள் உண்டு, அதனால் அந்த வீட்டிலும் உலை வைக்க முடிகிறது. கடலுக்கு அது நியாயமான ஏற்பாடு. நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்த ஊரில் எதைப் பங்கு வைக்க வேண்டியிருந்தாலும் அதே ஏற்பாடுதான். திருவிழாவில் சப்பரம் தூக்குவது, புயல் நிவாரணத்தில் வந்த பாய், எல்லாம் முறை. அந்த வரிசையில் இந்தக் கடிதத்தையும் சேர்த்துவிட்டார்கள். கமிட்டியில் இருந்த பதினோரு ஆண்களில் ஒருவருக்குக்கூட, மீன் எந்த வலையில் வேண்டுமானாலும் விழும், நுழைவுத் தேர்வில் தேறியவள் இடத்தில் தேறாதவள் போய் நிற்க முடியாது என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லவில்லை. பெண்கள் கமிட்டிக்குள் போக முடியாது. கூட்டம் நடக்கும்போது கோயில் முற்றத்தில் மாதா சுரூபம் இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் நின்று கேட்கலாம்.

எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. கரையில் முறையை மாற்றிக்கொள்ளலாம். வலை கடலில் இறங்குவதற்கு முன், இரண்டு தரப்பும் சம்மதித்தால், இன்றைக்கு நீ, உன் நாளில் நான் என்று மாற்றிக்கொள்வது உண்டு. என் கட்டுகளைப் பிரித்து அப்படி மாற்றிக்கொண்ட சம்பவங்களைத் தேடி எடுத்தேன். ஒன்று, மகள் கல்யாணச் செலவுக்காக ஒருவர் முறையை முன்னால் வாங்கிக்கொண்டது. மற்றொன்று, வீட்டில் சாவு விழுந்ததால் மாற்றியது.

மேலத்தெருப் பிள்ளையின் தாயைப் பார்க்கப் போனேன். மணப்பெண் மாப்பிள்ளை வீட்டில் இருந்தாள். தாய் என்னை உட்காரச் சொல்லி, கலர் வாங்கிவரச் செய்து கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே கேட்டேன்.

“ஒங்க புள்ளைக்கு இனிமே அந்தக் கடிதம் எதுக்கு மதினி?”

“எதுக்குமில்லதான். அதுக்காக முறைய விட்டுத்தர முடியுமா? ஒருக்கா விட்டா, மேலத்தெருக்காரனுக்குப் படிப்பெல்லாம் வேணாமாம்னு அப்புறமும் நம்மளத் தாண்டிப் போயிருவாக. எளையவ எட்டாவது படிக்கிறா.”

“விட வேணாம். மாத்திக்கிருவோம். அடுத்த வருசம் கீழத்தெரு முறை. அத நீங்க எடுத்துக்கங்க.”

அவள் விரல்விட்டு எண்ணினாள். எங்கள் ஊரில் ஏலத்தில் மீன் எடுப்பவள்; மீனைத் தூக்கிப் பார்க்காமலே எடை சொல்லுவாள்.

“அடுத்த வருசம் எங்களுக்கு யாரு இருக்கா? எளையவ பிளஸ் டூ முடிக்க வருசம் கெடக்கு. ரெண்டு முறையாக் குடுங்க. அவ முடிக்கிற வருசத்துல ஒண்ணு, அடுத்து வாரது ஒண்ணு.”

“சரி” என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று அப்போது யோசிக்கவில்லை. கலரைக் குடித்து முடித்தேன்.

வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்ததும் சொன்னேன். படகெல்லாம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த நேரம். குளித்துவிட்டு ஈரத் தலையோடு நின்று கேட்டார்.

“பரீட்சையில பாசானவ எம் மக. நான் போயி அவய்ங்ககிட்ட முறை கேக்கணுமா?”

“கேட்டுத்தான் ஆகணும். நான் உள்ள போக முடியாது. நீங்கதான் போகணும்.”

“என்னான்னு பேசுறது?”

அந்த இரண்டு சம்பவங்களையும் தேதியோடு சொல்லிக் கொடுத்தேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். பரீட்சைக்கு மகளைத் தயார் செய்ததுபோல. அவர் ஒன்றில் மாதத்தை மாற்றிச் சொன்னார், திருத்தினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி கூடியது. நாங்கள் கெபி ஓரமாக நின்றோம். கீழத்தெருப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் எழுந்து இரண்டு சம்பவங்களையும் சொன்னார். ஊர்த்தலைவர் மேலத்தெருத் தகப்பனைப் பார்த்து, “சம்மதமாய்யா?” என்றார். “ரெண்டுன்னா சம்மதம்” என்றார் அவர். அங்கேயே முடிந்தது. இவ்வளவு சுலபமாக முடியும் காரியத்துக்கு ஏன் நாலு மாதம் மனு இழுப்பறையில் கிடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், யாரும் கேட்கவில்லையே என்று சொல்லியிருப்பார்கள்.

திரும்பியபோது எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏத்தா, ரெண்டு முறையும் ஒன் வீட்டுச் சொத்தா? எம் மவன் ஒம்பதாவது படிக்கிறான். அவனுக்குக் கடிதம் வேணும்னு நாளைக்கி நான் எங்கன போயி நிக்க?”

“ஒம் மகன் டாக்டருக்கா படிக்கப் போறான்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டது கேட்டதுதான். அன்றிலிருந்து குழாயடியில் ஊசிப் பேச்சு நின்றது. பேச்சே நின்றது.

சாமி அன்றைக்கே புதுக் கடிதம் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். “நல்லா முடிஞ்சதும்மா” என்றார். மறுநாள் முதல் பஸ்ஸில் நானே மறைமாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே எழுத்தர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

“ஏற்கனவே ஒரு பேர் போயிருக்கேம்மா.”

“அதுக்குப் பதிலாத்தான் இது. சாமி எழுதியிருக்காக பாருங்க.”

“மேலே கையெழுத்து வாங்கணும். அவுங்க கூட்டத்துல இருக்காங்க.”

மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். கையெழுத்து வந்தது. நேர்காணலுக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. தபால் போய்ச் சேராது. ஃபேக்ஸ் அனுப்புங்கள் என்றேன். ஃபேக்ஸ் இருக்கும் அறையின் சாவிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் அனுப்பிவிடுவோம் என்றார். நானும் இருக்கிறேன் என்றேன். கடைசி பஸ் போய்விடும், நீங்கள் கிளம்புங்கள் என்றார். அது உண்மைதான். கிளம்பினேன்.

அந்த நாட்களின் தாள்களில் நான் காற்றின் திசையைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் செல்போனுக்கு ஜன்னல் கம்பியில் மட்டும்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அங்கே ஒரு மஞ்சள் பையில் போனைத் தொங்கவிட்டிருந்தோம். மகள் பெட்டி கட்டி வைத்திருந்தாள். கூப்பிட்டால் அன்றே மதுரைக்குப் போய் ரயில் ஏற வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒரு தடவை கடலுக்கும் போகவில்லை. சிஸ்டர் ஒருவர் கேள்விகள் எழுதிக் கொடுத்திருந்தார். ஏன் மருத்துவம் படிக்க விரும்புகிறாய்? கிராமத்தில் வேலை செய்யத் தயாரா? நான் கேட்பேன், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். மீனின் காற்றுப் பையைப் பற்றி அவள் சொன்ன பதில் நன்றாக இருந்தது. ‘ப்ளேடர்’ என்ற சொல்லை நான் அன்றுதான் கற்றேன்.

போன் அடித்தது. படகு முதலாளி, டிரைவர் இல்லாமல் படகு கிடக்கிறதே என்று. மறுபடி அடித்தது. மாரியூர்ப் பிள்ளை, ரயிலில் இருந்து. “வாரியாடி?” என்றாள்.

ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் திருநாள். நேர்காணல் முடிந்துவிட்டதாகக் கல்லூரி இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மகள் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். மடித்த துணி, துவைத்த துணி.

“என்னையக் கூப்பிட்டு, கேள்வி கேட்டு, நீ லாயக்கில்லன்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. என்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கவே இல்லையே” என்றாள்.

அவளுடைய அய்யா வாசலுக்குப் போய் நின்றார். அங்கிருந்தே, “நாளைக்கிப் படகுக்குப் போறேன்” என்றார்.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அன்றைக்கே அனுப்பிவிட்டோமே என்றார் எழுத்தர். கல்லூரிக்குப் போன் செய்தேன். வேறொரு குரல், தாமதமாக வருபவை கணக்கில் எடுக்கப்படாது என்றது. வந்ததா, வந்து தாமதமா, வரவே இல்லையா என்று கேட்டேன். தாமதமாக வருபவை கணக்கில் எடுக்கப்படாது என்று அதே குரல் அதையே சொன்னது.

மகள் ராமநாதபுரத்தில் பரிசோதனைக்கூடப் படிப்பு படித்தாள். இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நன்றாகத்தான் இருக்கிறாள், இதை எழுதும்போது ‘நன்றாகத்தான்’ என்ற சொல்லில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, டாக்டர் என்ன எழுதப் போகிறார் என்று அவளால் அநேகமாகச் சொல்லிவிட முடியும். சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

பிறகு நீட் வந்தது. பங்குச் சாமியின் கடிதம், கமிட்டி, நேர்காணல் எல்லாம் ஒரேயடியாகப் போயிற்று. மேலத்தெருவுக்கு நான் கொடுத்த இரண்டு முறைகளுக்கும் அவசியமே வரவில்லை. இளையவள் பத்தாவதோடு நிறுத்திவிட்டாள். எதிர்வீட்டுப் பையன் குவைத்தில் இருக்கிறான். யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை, யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை என்று கணக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. போன திருவிழாவில் சப்பரம் தூக்குவதில் தகராறு வந்தபோது மேலத்தெருக்காரர் ஒருவர், “கீழத்தெரு எங்களுக்கு ரெண்டு முறை பாக்கி” என்று மைக்கில் சொன்னார். என் தெருவே திரும்பி என்னைப் பார்த்தது.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்ததன் காரணம்.

போன மாதம் ஒரு துக்க வீட்டுக்குப் போனேன். மாரியூர்ப் பிள்ளையை அன்று நேர்காணலுக்கு அழைத்துப் போன, அவள் ஊர்ப் பங்கின் சிஸ்டர் அங்கே வந்திருந்தார்; விடுதிச் சிஸ்டர் அல்ல, என் மகளைத் தெரியாதவர். இப்போது வயதாகிவிட்டது. மாரியூர்ப் பிள்ளை அதில் தேறி டாக்டராகி வடக்கே எங்கோ இருக்கிறாள். பேச்சு அதைப் பற்றிப் போனது. சிஸ்டர் சாதாரணமாகச் சொன்னார்:

“ஒங்க பங்குப் புள்ள ஒண்ணு வரலையேம்மா அன்னைக்கி. போர்டுல பேரு ஒட்டியிருந்துச்சு. அன்னைக்கித்தான் கடைசி நாளு. பேருக்கு நேரா ‘வரவில்லை’ன்னு பேனாவுல எழுதியிருந்தாக. நம்ம பக்கத்துப் பங்காச்சே, வந்துருக்கலாமேன்னு நெனச்சேன்.”

“என்ன பேரு சிஸ்டர்?”

“பொம்பளப் புள்ள பேரு. பேரு இப்ப ஞாபகம் இல்லயேம்மா. பங்கு பேரு நல்லா ஞாபகம் இருக்கு.”

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். எங்கள் பங்கிலிருந்து போனவை இரண்டு பெயர்கள், இரண்டும் பெண் பெயர்கள். மேலத்தெருப் பிள்ளை தேர்வு எழுதவில்லை. தேறியவர் பட்டியலிலிருந்து அந்தப் போர்டைத் தயாரித்திருந்தால் அவள் பெயர் அதில் இருக்க முடியாது. அப்படியானால் அது என் மகள். ஃபேக்ஸ் போயிருக்கிறது, அவளைக் கடைசி நாளில் சேர்த்திருக்கிறார்கள், எங்களுக்கு எதனாலோ தகவல் வரவில்லை. ஆனால் பரிந்துரைக் கடிதங்களைப் பார்த்துப் போர்டு எழுதியிருந்தால் மேலத்தெருப் பிள்ளையின் பெயராகவும் இருக்கலாம். எது என்று சொல்லக் கூடியவர்கள் மூன்று பேர். எழுத்தர் இறந்துவிட்டார். மாரியூர்ப் பிள்ளையிடம் கேட்டதில், பதற்றத்தில் தன் பெயரைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்றாள். கல்லூரிக்கு எழுதினேன், அந்த ஆண்டின் நேர்காணல் ஆவணங்கள் பராமரிப்பில் இல்லை என்று பதில் வந்தது. மகளிடமும் சொன்னேன். “எந்தப் பேரா இருந்தா என்னம்மா இப்ப?” என்றாள். பிறகு, அவள் நிலையத்துக்குக் கிளம்பும்போது, வாசற்படியில் நின்று, “தெரிஞ்சா சொல்லு” என்றாள்.

அந்தப் போர்டில் இருந்தது யார் பெயர் என்பதை என்னால் இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை.